பரணில் கிடந்த லேப்டாப்பில் ஓடும் எங்கள் நர்சரி வெப்சைட்

எங்கள் வீடு கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளியிலிருந்து சந்தூர் போகும் பக்கம். அந்தப் பக்கம் ஒருமுறை வந்தவர்களுக்குத் தெரியும், மாஞ்செடி நர்சரிகள் வரிசையாக இருக்கும். அப்பாவும் முப்பது வருடத்துக்கு மேலாக ஒட்டுச் செடி கட்டி விற்கிறார். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஒரு ஆவணி மாதக் காலையில் அப்பா ஒட்டுக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று தோன்றியது.

ஒட்டுக் கட்டுவது கையை எடுக்க முடியாத வேலை. கொட்டையிலிருந்து முளைத்த செடியின் நுனியை வெட்டி, தண்டை நடுவில் பிளக்க வேண்டும். தாய் மரத்துக் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கி, அந்தப் பிளவில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். சீவிய இடம் காய்ந்துவிட்டால் ஒட்டுப் பிடிக்காது. அப்பா குச்சியைச் சீவி முடித்த நேரத்தில் போன் அடிக்கும். "செந்தூரா செடி என்ன ரேட்டுங்க?" தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பதில் சொல்வார். அடுத்த போன், "ஏக்கருக்கு எத்தனை செடி நடணும்?" அடுத்தது, "இமாம்பசந்த் இருக்கா?" அன்று காலை மட்டும் பதினேழு போன் எண்ணினேன். அதில் பதினான்கு பேர் கேட்டது இந்த மூன்று கேள்வியைத்தான். நான்கைந்து குச்சிகள் காய்ந்து கீழே கிடந்தன.

இந்த மூன்று கேள்விக்கும் பதில் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். மாதா மாதம் வாடகை கட்டி வெளியில் இடம் வாங்குவதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் பழைய மெஷினிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். வேலையில் இறங்கியது 2024 தொடக்கத்தில். இன்றுவரை அந்த மெஷினில்தான் ஓடுகிறது. இதில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் எவ்வளவு பழசு என்பது பெரிய கவலையே இல்லை. கரண்ட்டும் நெட் லைனும்தான் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள். நான் செலவழித்த நேரத்தில் முக்கால்வாசி இந்த இரண்டுக்கும்தான் போனது.

மெஷின் என்று தேடியபோது வீட்டில் இரண்டு இருந்தன. ஒன்று, நான் ஐடிஐ முடித்த புதிதில் வாங்கிய டெஸ்க்டாப். இன்னொன்று, தங்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். அந்தத் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. தங்கைக்கு 2013-இல் கிடைத்தது. காலேஜ் முடிக்கும் வரை அதில்தான் படித்தாள். கல்யாணமாகிப் போன பிறகு பரணில் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு லேப்டாப் சும்மா கிடக்கும். உங்கள் வீட்டிலும் இருந்தால் கடையில் போடுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்பதைக் கரண்ட் கணக்குதான் முடிவு செய்தது. பிளக்கில் மாட்டி வாட் பார்க்கும் சின்ன மீட்டரை வேலையிடத்திலிருந்து இரவல் வாங்கி வந்தேன். சும்மா ஓடும்போது டெஸ்க்டாப் 65 வாட் இழுத்தது. திரை அணைந்த லேப்டாப் 14 வாட். இரவு பகல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு டெஸ்க்டாப் கிட்டத்தட்ட 94 யூனிட், லேப்டாப் 20 யூனிட். அப்போது நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். டெஸ்க்டாப்பை வைத்தால் அந்த 100 யூனிட்டைக் கிட்டத்தட்ட அது ஒன்றே சாப்பிட்டுவிடும். எந்தப் பழைய மெஷினையும் சர்வர் (கேட்பவர்களுக்குச் சைட்டை அனுப்பும் மெஷின்) ஆக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சில பழைய மெஷின்கள் இலவசமாகக் கிடைத்தாலும் ஓட்டுவதற்கு அதிகச் செலவு வைக்கும்.

பரணிலிருந்து இறக்கித் திறந்தபோது ஃபேனில் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தேன். இதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, பிராசசர் 64 பிட்டா, பழைய 32 பிட் வகையா என்பது. இது 64 பிட்தான். 32 பிட் மெஷின் என்றால் யோசிக்க வேண்டும், ஏனென்றால் நான் போட்ட டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தில், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் மெஷினில் புதிதாக நிறுவ வழி இல்லை. இரண்டாவது, ரேம். 2 ஜிபி இருந்தது. படமும் எழுத்தும் மட்டும் உள்ள சைட்டுக்கு அது தாராளம். மூன்றாவது ஹார்ட் டிஸ்க், இதில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும், ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். அதைப் படித்துப் பார்த்தால் கெட்டுப்போய் மாற்றி வைக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சேமிப்புத் துண்டுகள்) எத்தனை, கெடும் நிலையில் உள்ளவை எத்தனை என்று காட்டும். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு நூற்றுக்கு மேல் காட்டியது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் அந்த டிஸ்க்குக்குப் பதிலாக 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். அப்போது மெஷினுக்கு நான் செய்த செலவு அவ்வளவுதான்.

தங்கை படித்தபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. நான் நேராக டெபியனையே போட்டேன், ஐகான், ஜன்னல் போன்ற திரைச் சூழல் எதுவும் இல்லாமல், கருப்புத் திரையும் எழுத்தும் மட்டுமாக. லேப்டாப்பை சர்வர் ஆக்கும் எல்லோரும் தடுக்கிவிழும் ஓர் இடம் உண்டு. மூடியை மூடினால் அது தூங்கிவிடும். லாகின்டி (logind.conf) என்ற அமைப்புக் கோப்பில் மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதை 'இக்னோர்' என்று மாற்றினால் மூடி வைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம், ரூட்டருக்குள் போய் இந்த லேப்டாப்புக்கு என்று ஒரே நெட்வொர்க் முகவரி எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை ரூட்டர் அணைந்து எழும்போதும் மெஷினை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள்.

வெப் சர்வர் மென்பொருளாக என்ஜின்எக்ஸ் போட்டேன். பக்கங்களைக் கையாலேயே, வெப்சைட் பக்கங்களுக்கான ஹெச்டிஎம்எல் மொழியில் எழுதினேன். சைட்டைக் கட்டித் தரும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் போடச் சொன்ன நண்பர்கள் உண்டு. ஆனால் ரகங்களின் பட்டியல், ரேட், ஏக்கருக்குச் செடிக் கணக்கு, வழி சொல்லும் பக்கம் என்று நான்கே பக்கத்துக்கு டேட்டாபேஸும் லாகினும் வைத்தால், கண்காணிக்க வேண்டிய கதவுகள்தான் கூடும். வெறும் கோப்புகள் என்றால் உடைத்து உள்ளே வருவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் சைட் போடுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்.

முதல் பக்கத்தை என் போனில், வீட்டு வைஃபையில் திறந்தபோது தமிழ் எழுத்து ஒன்றுகூட வரவில்லை. கொம்பும் குறியும் போட்ட ஏதோ ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தன. பக்கத்தின் தலையில், எழுத்துகள் எந்தக் குறியீட்டு முறையில் இருக்கின்றன என்பதை யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் வரியை விட்டிருந்தேன். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரியது. அப்பாவின் பழைய ரேட் பட்டியல் டிடிபி கடையில் அடித்தது, எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு முந்தைய ஃபான்ட்டில். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் 'மல்கோவா' என்ற சொல்லே ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டாலும் பழைய ஃபான்ட் கோப்புகள் ஊருக்கு ஊர் இன்னும் கிடக்கின்றன. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள். எனக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இரண்டு மூன்று இடத்தில் மாறியிருந்தன.

வீட்டுக்குள் எல்லாம் நன்றாக ஓடியது. அம்மா அடுப்பங்கரையிலிருந்தே போனில் பார்த்தார். சரி, இனி வெளியில் திறந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் மூன்று வாரம் நின்றுவிட்டேன்.

வீட்டில் சர்வர் வைப்பதைப் பற்றி எங்கே கேட்டாலும் ஒரே வழிதான் சொல்வார்கள். ரூட்டரில் 80, 443 என்ற இரண்டு போர்ட்டையும் (சைட்டைக் கேட்டு வருபவை நுழையும் வாசல்கள்) லேப்டாப்புக்குத் திருப்பிவிடுங்கள், சைட்டுக்கு வாங்கிய டொமைன் பெயரை, இணையத்தில் வீட்டைக் குறிக்கும் எண்ணான ஐபி முகவரிக்குக் காட்டுங்கள் என்று. அதை அப்படியே செய்தேன், வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ரூட்டரைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டேன், வேறு ரூட்டர் இரவல் வாங்கிப் பார்த்தேன். குற்றம் ரூட்டரில் இல்லை, என்ஜின்எக்ஸிலும் இல்லை. எங்கள் வீட்டுக்கென்று ஒரு முகவரியே இல்லை என்பதுதான் விஷயம்.

பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஆசியப் பகுதிக்கான இருப்பும் வழக்கமாகக் கொடுக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. சிஜிநாட் என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாசலில் ஒரே கதவு எண், உள்ளே எந்த வீட்டுக்கும் எண் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் வெளியே கடிதம் அனுப்பிப் பதில் வாங்கலாம். வெளியில் இருப்பவர் தானாக ஒரு கடிதம் அனுப்பினால் யாருக்குக் கொடுப்பது என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். மூன்று வாரத்தை நான் இதற்குக் கொடுத்ததால் நீங்கள் கொடுக்க வேண்டாம். ரூட்டருக்குள் போய் 'வான் ஐபி' (WAN IP) என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். பிறகு என் ஐபி என்ன என்று இணையத்தில் தேடி, வரும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குச் சொந்த முகவரி உண்டு, போர்ட் திருப்பினால் வேலை செய்யும். வேறு வேறாக இருந்தால் பெரும்பாலும் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ரூட்டரில் உள்ள எண் 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், அந்த வரிசையை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு 100.72 என்று தொடங்கியது. எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன்னால், டொமைனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், முதல் வேலையாக இதைப் பார்த்துவிடுங்கள். வீட்டுத் திட்டத்தில் சர்வர் வைக்க அனுமதி உண்டா என்று உங்கள் இணைய நிறுவனத்தின் விதிமுறையையும் அப்போதே படித்துவிடுங்கள்.

சிஜிநாட் என்று தெரிந்த பிறகு எனக்கு முன்னால் நான்கு வழி இருந்தன. இணைய நிறுவனத்திடம் நிரந்தர ஐபி கேட்பது முதல் வழி. கேட்டேன். அவர்கள் சொன்ன வருடக் கட்டணத்துக்கு வெளியில் வாடகை சர்வரே எடுத்துவிடலாம், அதனால் விட்டுவிட்டேன்.

இரண்டாவது ஐபிவி6. புது முறை முகவரியில் பற்றாக்குறை கிடையாது, எங்கள் ரூட்டருக்கும் அது வந்துகொண்டிருந்தது. ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் லேப்டாப்புக்கு மட்டும் வழிவிட்டு, டொமைனில் அந்த முகவரியைப் போட்டேன். என் செல்போன் டேட்டாவில் பளிச்சென்று திறந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக வெளியிலிருந்து எங்கள் நர்சரியின் பெயரைத் திரையில் பார்த்தேன். ஆனால் ஓசூரில் என் வேலையிடத்தில் திறக்கவில்லை, அங்கே ஐபிவி6 இல்லை. செடி வாங்க வருபவர் எந்த லைனில் இருக்கிறார் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அது போக, ரூட்டர் அணைந்து எழுந்தால் முகவரியின் முன்பாதி மாறிவிடும். மாறும்போதெல்லாம் டொமைனைத் திருத்தும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருந்தது.

மூன்றாவது, வெளியில் சிறிய வாடகை சர்வர் ஒன்றை எடுத்து, அதற்கும் வீட்டு லேப்டாப்புக்கும் நடுவில் வயர்கார்டு என்ற மென்பொருளால் பூட்டு போட்ட குழாய் மாதிரி ஓர் இணைப்பைப் போடுவது. கட்டுப்பாடு முழுவதும் நம் கையில் இருக்கும், மாத வாடகையும் இருக்கும்.

நான்காவது, கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனத்தின் டனல் வசதி. நான் எடுத்தது இதைத்தான். இதில் லேப்டாப் தானாக வெளியே போய் அவர்களுடைய சர்வரோடு ஒரு இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பார்க்க வருபவர்கள் அவர்கள் வாசலுக்குப் போக, அந்த இணைப்பின் வழியாகவே கேள்வி நம் வீட்டுக்கு வந்து பதில் திரும்பிப் போகிறது. உள்ளிருந்து கிளம்பும் இணைப்பு என்பதால் சிஜிநாட் தடுக்காது. ரூட்டரில் ஒரு போர்ட்டையும் திறக்க வேண்டாம், ஐபி மாறினாலும் கவலை இல்லை. சொந்த டொமைன் மட்டும் வேண்டும், அதன் நேம்சர்வரை, அதாவது பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் சர்வரை, அவர்களிடம் மாற்றிவிட வேண்டும். ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பூட்டு போட்ட இணைப்பை அவர்கள் வாசலில் ஒருமுறை அவிழ்த்துத்தான் நமக்கு அனுப்புகிறார்கள், அதாவது போகிற வருகிற எல்லாம் அவர்கள் கண்ணில் படும். மாஞ்செடி ரேட்டில் மறைக்க ஒன்றும் இல்லை, அதனால் எனக்குச் சம்மதம். வீட்டுக் கணக்கோ குடும்பப் படங்களோ வைப்பதாக இருந்தால் நான் மூன்றாவது வழிக்குத்தான் போவேன்.

சொந்த முகவரி கிடைத்தவர்கள், இணைப்புக்குப் பூட்டு போடத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். அதன் ஆயுள் அதிகபட்சம் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும்படி வைத்துவிட்டு, உண்மையிலேயே புதுப்பிக்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். முடியப் போகிறது என்று முன்பெல்லாம் மெயில் வரும், 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஐபிவி6 சோதனை நாட்களில் நானும் அப்படி ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தேன். அன்று மாலையே, யார் வந்து என்ன கேட்டார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் லாக் கோப்பைத் திறந்து பார்த்து ஆடிப்போனேன். யாருக்கும் முகவரி சொல்லவில்லை, ஆனால் யார் யாரோ வந்து கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். இல்லாத வேர்ட்பிரஸின் லாகின் பக்கத்தைக் கேட்கிறார்கள், பாஸ்வேர்டு எழுதி வைக்கும் கோப்பு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. சான்றிதழ் வழங்கப்படும் ஒவ்வொரு பெயரும் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் புதுப் பெயர் ஏறியதும் கிளம்பி வருகின்றன. அவர்களுக்கு நாம் யார் என்று தெரியாது, எல்லா வீட்டையும் தட்டுகிறார்கள். பயப்பட வேண்டாம், ஆனால் பூட்டை அன்றே போட்டுவிடுங்கள். வேறு மெஷினிலிருந்து லேப்டாப்புக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் வழியை வெளியில் திறக்கவே கூடாது, வீட்டுக்குள்ளும் பாஸ்வேர்டு வேண்டாம், சாவிக் கோப்பு மட்டும். பாதுகாப்பு அப்டேட்கள் தானாக ஏறட்டும். ரூட்டரில் யூபிஎன்பி என்ற வசதியை அணைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் எந்தப் பெட்டி வேண்டுமானாலும் தனக்கென்று கதவைத் திறந்துகொள்ள அது அனுமதிக்கிறது. எங்கள் வீட்டு சிசிடிவி பெட்டி அப்படி ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது, வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டோடு.

இனி கரண்ட். எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் சாயங்காலம் காற்று கிளம்பினால் முதலில் கரண்ட் போகும், பிறகு இடி, பிறகு மழை. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே, அதுவே யூபிஎஸ் என்று நினைத்திருந்தேன். பல வருடம் பரணில் கிடந்த பேட்டரி செத்திருந்ததால் கடையில் மலிவாக ஒன்று வாங்கி மாட்டினேன். முதல் கரண்ட் கட்டில் லேப்டாப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் சைட் போய்விட்டது. ரூட்டருக்குப் பேட்டரி இல்லையே. நெட் இல்லாமல் சர்வர் மட்டும் விழித்திருந்து என்ன பயன்? ரூட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள், பின்னின் பருமனையும் பாருங்கள். எங்களுடையது 12 வோல்ட், 1 ஆம்பியர்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டப் போனேன். லேப்டாப் மேசையில் ஆடியது. ஒரு மூலையைத் தொட்டால் எதிர் மூலை எழும்பியது. மூடியைத் திறந்தால் டச்பேட் நடுவில் மேடு தட்டியிருந்தது, அழுத்தினால் இறங்கவில்லை. உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திருப்பிப் பார்த்தேன். பேட்டரி உப்பியிருந்தது. சாப்பிட்ட வயிறு மாதிரி மேலே வளைந்து, ஓட்டின் இணைப்பு ஒரு பக்கம் பிளந்திருந்தது. இரவு பகலாக நூறு சதவீதத்திலேயே நின்று, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெயில் காலம் முழுவதும் சூட்டில் இருந்தது அது. அந்த அறையில்தான் அம்மா பகலில் படுப்பார். நினைத்தால் இன்னும் மனது பதறுகிறது.

அப்படி உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, குப்பையில் போடவும் கூடாது. மணல் நிரப்பிய பழைய பெயின்ட் டப்பாவில் வைத்து வெளியே வைத்தேன், பிறகு மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தேன். சில லேப்டாப்களில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருக்கும், இருந்தால் முதல் நாளே போட்டுவிடுங்கள். எங்களுடையதில் இல்லை. அதனால் பேட்டரியே இல்லாமல், வீட்டு இன்வெர்ட்டர் லைனில் லேப்டாப்பை மாட்டினேன். அப்போதும் கரண்ட் போகும் நொடியில் அணைந்தது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதை யூபிஎஸ் என்ற பக்கம் தள்ளியதும் மாறும் நேரம் குறைந்து, லேப்டாப் அசையாமல் ஓடியது. மாதக்கணக்கில் நான் கவனிக்காத ஸ்விட்ச் அது. மெஷினையும் கூரைச் சூட்டிலிருந்து மாற்றி, ஓட்டு வீட்டுப் பக்கம் ஜன்னலோரத்தில், சுவரில் அடித்த பலகையில் வைத்தேன். இடி இடிக்கும் மாலைகளில் அம்மா எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவார். சைட் இரண்டு மணி நேரம் இருக்காது, பரவாயில்லை. மழை விட்டதும் பிளக்கைப் போட்டு, லேப்டாப்பின் பட்டனை அம்மாதான் அழுத்துகிறார். கரண்ட் வந்ததும் தானாக எழும் வசதி டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் உண்டு, பல லேப்டாப்களில் இல்லை. எந்தப் பட்டன், எந்த விளக்கு எரிய வேண்டும் என்று பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் நாம் இல்லாத நேரத்தில் யார் பார்ப்பார்கள் என்பதை யோசித்து வையுங்கள்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4 எம்பி. ரகங்கள் பக்கத்தில் பதினான்கு படம், 56 எம்பி. தோட்டத்தில் நின்றுகொண்டு ஒற்றைப் புள்ளி சிக்னலில் பார்ப்பவருக்கு அது திறக்கவே திறக்காது. அகலத்தை ஆயிரம் பிக்சலாகக் குறைத்து, வெப்பி வடிவத்துக்கு மாற்றினேன். படத்துக்கு 100 கேபிக்குள் அடங்கியது. பெங்களூராவின் மூக்கு வளைவும் செந்தூராவின் சிவப்பும் அப்போதும் தெளிவாகத்தான் தெரிந்தன.

ரேட் பக்கத்தில் நான் செய்த தவறு பணத்தில் முடிந்தது. ஒருவர் திருப்பத்தூரிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு வந்தார், இருநூறு அல்போன்சா வேண்டும் என்று. போனைக் காட்டினார். இரண்டு மாதத்துக்கு முந்தைய ரேட், நான் மாற்றவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "நம்ம பேர்ல எழுதி வெச்சிருக்கோம், அந்த ரேட்டுக்கே குடுக்கணும்" என்று ஏற்றி அனுப்பினார். அன்றிலிருந்து ரேட் பட்டியலின் மேலே, கடைசியாக மாற்றிய தேதி பெரிய எழுத்தில் இருக்கிறது. இப்போது அப்பா வாரம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார், ஊத்தங்கரையில் இருக்கும் தங்கை கேட்டு எழுதி எனக்கு அனுப்புகிறாள், நான் ஏற்றுகிறேன்.

காப்பி எடுப்பது பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. சைட்டின் எல்லாக் கோப்பும் என் சொந்த லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று. அமைப்புக் கோப்புகளும் சேர்த்துத்தான். ஒரு விடுமுறையில், இந்த லேப்டாப் செத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, பழைய டெஸ்க்டாப்பில் முதலிலிருந்து எழுப்பிப் பார்த்தேன். டனலின் சாவிக் கோப்பைக் காப்பி எடுக்காமல் விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஒரு மதியத்தில் முடிந்தது. நீங்களும் ஒருமுறை எழுப்பிப் பாருங்கள்.

ஏக்கருக்கு எத்தனை செடி என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்குப் பெட்டி வைத்திருக்கிறேன். நிலத்தின் அளவையும் இடைவெளியையும் போட்டால் எண்ணிக்கை வரும். வழக்கமான 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால் ஏக்கருக்கு 40 செடி, அடர் நடவில் 5-க்கு 5 என்றால் 160. நடும்போது ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும் என்பதை அதற்குக் கீழேயே அப்பா எழுதச் சொன்னார். போன் குறைந்துவிடவில்லை, கேள்விகள் மாறியிருக்கின்றன. போன வாரம் பாலக்கோட்டிலிருந்து ஒருவர் பேசினார். "உங்க கணக்குல நாப்பது செடின்னு வருதுங்க, என் நிலம் ஒரு பக்கமா சரிவு, குழி எப்படி எடுக்கணும்?" அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கால் மணி நேரம் நின்று பேசினார். சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடிப்பது, மேட்டுப் பக்கத்து மண்ணை எடுத்துப் பள்ளத்துப் பக்கம் அரைவட்டமாக அணைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அன்று ராத்திரி சாப்பிட்டதும் கூப்பிட்டார். "சரிவு நிலத்துக்குத் தனியா ஒரு பக்கம் போடணும்டா. நான் சொல்றேன், நீ எழுதிக்க." நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன்.